கல்லூரி மதிலும் பெற்றோர் மனமும்

பெற்ற மனம் பித்து என்பது பழமொழி. மகனையோ மகளையோ மேற்படிப்பில் சேர்க்கப் புறப்படும் தாய் தந்தையர், கல்லூரியின் நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் காண்பதற்கு முன்பே அதன் தெருவைக் காண்கின்றனர். பேருந்து எங்கே நிற்கிறது, பொழுது சாய்ந்தபின் அங்கே ஆள் நடமாட்டம் உண்டா, விடுதி வாயிலில் இருப்பவர் யார் என்று அவர்தம் கண்கள் தேடுகின்றன. இஃது இன்று நேற்று முளைத்த கவலை அன்று. கல்லூரியை எந்த இடத்தில் கட்டுவது என்ற முடிவிலேயே பெற்றோரின் அச்சத்திற்குப் பங்கு இருந்து வந்திருக்கிறது. நாம் குடியேறி வாழும் ஐதராபாத் மாநகரின் வரலாறே அதற்கு ஒரு சான்று.

முதலில் சற்று வெளியுலகைப் பார்ப்போம். கல்விக்குப் பெயர்போன ஆக்ஸ்போர்டு நகரில் 1355ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள், மதுக்கடை ஒன்றில் திராட்சை மதுவின் தரத்தைப் பற்றி எழுந்த வாய்ச்சண்டை, ஊராருக்கும் மாணாக்கருக்கும் இடையே பெருங் கலகமாக மூண்டது. மாணாக்கர் தரப்பில் மட்டும் 60க்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பர். பல்கலைக்கழகமும் அதனைச் சூழ்ந்த ஊரும் ஒன்றையொன்று ஐயத்துடன் நோக்கிய காலம் அது. பல நூற்றாண்டு கழிந்து, 1869இல் எமிலி டேவிஸ் என்னும் அம்மையார் இங்கிலாந்தில் பெண்களுக்கென ஓர் உயர்கல்விக் கல்லூரி தொடங்கியபோது, அதனைக் கேம்பிரிட்ஜ் நகரிலே அமைக்கவில்லை. தொலைவிலுள்ள ஹிட்சின் என்னும் ஊரில் அமைத்தார். 1873இல் அது கேம்பிரிட்ஜுக்கு அருகே வந்தபோதும், நகருக்குள் நுழையாமல் இரண்டு மூன்று மைல் அப்பால் கர்ட்டன் என்னும் சிற்றூரிலேயே நின்றது. ஆடவர் கல்லூரிகளிலிருந்து அத்தனை தூரம் விலகி நின்றால்தான் பெற்றோர் பெண்களை அனுப்புவர் என்பது அன்றைய கணக்கு.

அந்தக் கர்ட்டன் கல்லூரியில் ஐதராபாத் பெண் ஒருவர் பயின்றிருக்கிறார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1879இல் இந் நகரில் பிறந்த சரோஜினி, பன்னிரண்டாம் வயதிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். 1895இல், நிஜாமின் உதவித்தொகை பெற்று, பதினாறு வயதில் கடல் கடந்து சென்றார். கப்பற்பயணமே கவலை தந்த அந்நாளில், ஒரு தகப்பனார் தம் மகளை அத்தனை தொலைவு அனுப்பத் துணிந்தார். அவர்தாம் நிஜாம் கல்லூரியின் முதல் தலைவராக விளங்கிய அகோரநாத் சட்டோபாத்யாயர்.

இனி நம் தமிழகத்தின் கதையைச் சிறிது நினைவு கூர்வோம். 1904இல் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி என்ற இளம்பெண் சேர விரும்பினார். அப்போது அச்சங்கொண்டோர் அப்பெண்ணைப் பெற்றோர் அல்லர், ஆண்பிள்ளைகளைப் பெற்றோர்! ஒரு பெண் வகுப்பில் அமர்ந்தால் தம் பிள்ளைகளின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று அவர்கள் முறையிட்டனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதற்கு இணங்காமல் அப்பெண்ணுக்கு இடமளித்தார். பிற்காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என நாடு போற்றிய பெருமாட்டி அவரே. பாதுகாப்பு என்ற பெயரால் எழுப்பப்படும் குரல் எல்லாம் பாதுகாப்பிற்காகவே எழுவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு அறிவுறுத்துகிறது.

பின்னர், 1914இல் சென்னைக் கடற்கரையில் பெண்களுக்கென அரசினர் கல்லூரி எழுந்தது. அதுவே பின்னர் இராணி மேரிக் கல்லூரி எனப் பெயர்பெற்றது. அதன் முதல் தலைவியாக வந்தவர் டொரோதி டி லா ஹே அம்மையார். அக்கடற்கரையிலேயே ஐஸ் ஹவுஸ் என்னும் பழைய கட்டடத்தில், சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரிகளுள் ஒருவரான சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். ஊர் பேசும் பேச்சுக்கு அஞ்சிய அக்காலத்துப் பெற்றோர், தம் விதவைப் பெண்களை எதை நம்பி அங்கே விட்டனர்? கட்டடத்தின் சுவரை நம்பியா? இல்லை. அவர்களுள் ஒருவராய், அவர்கள் துயரை அறிந்தவராய், அவர்களோடு உடனிருந்த சுப்புலட்சுமி என்ற ஒரு பெண்மணியை நம்பியே விட்டனர்.

ஐதராபாத்துக்கு வருவோம். இந்நகரக் கல்வி வரலாற்றில் தமிழருக்கும் இடமுண்டு. 1862இல் செகந்தராபாத்தில் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளியே பிற்காலத்தில் மஹபூப் கல்லூரி எனப் புகழ்பெற்றது. 1893 பிப்ரவரியில், சிகாகோ செல்லுமுன், விவேகானந்த அடிகள் சொற்பொழிவாற்றியதும் அங்கேதான். 1887இல் தோன்றிய நிஜாம் கல்லூரியோ நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 1947இல்தான் உஸ்மானியாவின் உறுப்பாயிற்று.

உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918இல் நிறுவப்பெற்று, நகரின் நடுவே கட்டடங்களில் பணி தொடங்கியது. நிலையான இடத்தைத் தேர்ந்தெடுக்க, பாட்ரிக் கெடிஸ் என்ற புகழ்மிக்க நகரமைப்பு அறிஞரின் யோசனையும் பெறப்பட்டது. இறுதியில் நகருக்கு வெளியே, பாறையும் மேடுமாய்க் கிடந்த அடிக்மெட் பகுதியில், ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் தேர்வாயிற்று. 1934இல் கலைக்கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1939 டிசம்பர் 4ஆம் நாள் அம் மாளிகை திறக்கப்பட்டது. 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருகி ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டு சென்றதைக் கண்ட தலைமுறை அது. ஆற்றங்கரை நெரிசலிலிருந்து விலகிய மேட்டுநிலம் அத்தலைமுறையின் கண்ணுக்கு எத்தனை ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

பெண்கள் கல்லூரியின் கதை இன்னும் சுவையானது. 1924இல் நாம்பள்ளியில் மிகச் சிலரோடு தொடங்கிய அக்கல்லூரி, 1949இல் கோட்டிப் பகுதியிலுள்ள பழைய பிரிட்டிஷ் ரெசிடென்சி மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. ஜேம்ஸ் அக்கிலிஸ் கர்க்பாட்ரிக் என்னும் ரெசிடென்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகை அது. 1857 ஜூலை 17இல் துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் தலைமையேற்று அதனைத் தாக்கினர். அதன்பின் ஆங்கிலேயர் அவ்வளாகத்தின் மதிலையும் காவலையும் வலுப்படுத்திக் கொண்டனர். ஊர்மக்களுக்கு அஞ்சி அந்நியர் உயர்த்திய மதில், ஒரு நூற்றாண்டு கழிவதற்குள் ஊர்மக்களின் புதல்வியரைக் காக்கும் மதிலாக மாறிற்று! வரலாறு செய்யும் விந்தைகளுள் இதுவும் ஒன்று. 2022இல் அக்கல்லூரி பெண்கள் பல்கலைக்கழகமாகவே உயர்த்தப்பட்டது.

ஆக, பெற்றோர் பாதுகாப்பை அளக்க நெடுங்காலமாகக் கைக்கொண்ட கோல்கள் மூன்று: தொலைவு, மதில், பொறுப்பேற்று நிற்கும் ஆள். இவற்றுள் எது நம்பத்தக்கது?

தொலைவு நிலைப்பதில்லை. அடிக்மெட்டின் வெட்டவெளியைச் சுற்றி வித்யாநகரும் தார்நாக்காவும் வளர்ந்து, பல்கலைக்கழகம் நகரின் நடுவே வந்துவிட்டது. 1974இல் நிறுவப்பெற்ற ஐதராபாத் பல்கலைக்கழகத்திற்குக் கச்சிபௌலியில் ஒதுக்கப்பட்ட இடமும் அந்நாளில் ஊருக்கு வெளியே இருந்த காடும் பாறையுமே. 1998இல் சைபர் டவர்ஸ் எழுந்தபின் அச்சுற்றுப்புறமே உருமாறிப் போயிற்று. அன்றியும், ஊரின் கொந்தளிப்பைத் தொலைவு தடுத்துவிடுவதுமில்லை. 1952 செப்டம்பரில் முல்கிக் கிளர்ச்சியின்போது சிட்டி கல்லூரிப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. 1969 தெலங்கானாக் கிளர்ச்சியில் உஸ்மானியா மாணவரே முன்னணியில் நின்றனர்; படிப்பும் தேர்வும் தடைப்பட்டன. அயலூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அந்நாட்களில் பட்ட கலக்கம் சொல்லில் அடங்காது.

மதிலோ, வெளியே இருப்பவனைத் தடுக்குமேயன்றி உள்ளே இருப்பவனைத் தடுக்காது. 1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். குற்றவாளி வெளியூர்க் கள்வன் அல்லன். அதே கல்லூரியின் மூத்த மாணவன். வேலியே பயிரை மேய்ந்த அக்கொடுமைக்குப் பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஆந்திரப் பிரதேசமும் அதே ஆண்டில் தனக்கெனச் சட்டம் இயற்றிக் கொண்டது. அடுத்த ஆண்டு, 1998இல், சென்னை எழும்பூரில் கல்லூரி மாணவி சரிகா ஷா, சாலையில் வாலிபர் சிலர் செய்த வன்சேட்டையால் வீழ்ந்து உயிரிழந்தார். அங்கே தீங்கு நேர்ந்தது மதிலுக்குள் அன்று. மதிலுக்குச் சில அடி தூரத்தில். மதில் பார்த்து மனம் நிறைந்த பெற்றோர்க்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் பேரிடியாக அமைந்தன.

அமெரிக்க நாட்டில் இதனினும் வேறு வகையான ஒரு தீர்வு பிறந்தது. 1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொலையுண்டார். பல்கலைக்கழகத்தில் அதற்கு முன் நிகழ்ந்த குற்றங்கள் தமக்குத் தெரிந்திருந்தால் மகளை அங்கே அனுப்பியிருக்க மாட்டோம் என்று வருந்திய அவர்தம் பெற்றோர் ஓயாது போராடினர். அதன் பயனாக 1990இல் ஒரு சட்டம் வந்தது. வளாகத்திலும் அதனை ஒட்டிய இடங்களிலும் நிகழும் குற்றங்களின் கணக்கைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டுக் கல்லூரிகளுக்கு அத்தகைய கடமை விதிக்கப்படவில்லை. ஆயினும் ராகிங்கைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதிமுறைகள் வகுத்தது; பாலியல் தொல்லையை விசாரிக்க உட்குழு அமைத்தல் வேண்டும் என 2013ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது; 2014 அக்டோபர் முதல் ஐதராபாத் காவல்துறையின் ஷீ டீம் என்னும் குழுவினர், சாதாரண உடையில் பேருந்து நிறுத்தங்களிலும் கல்லூரி வாயில்களிலும் கண்காணித்து வருகின்றனர்.

ஆகவே மூன்று கோல்களுள் மூன்றாவதே மெய்யான கோல். தீங்கு நேர்ந்தால் யாரிடம் சொல்வது, சொன்னால் அவர் எழுந்து வருவாரா என்பதே முதன்மையான வினா. கல்லூரியைக் காணச் செல்லும் பெற்றோர் முற்பகல் வெயிலில் முன்வாயிலை மட்டும் கண்டு திரும்புதல் போதாது. மாலை வகுப்பு முடியும் வேளையில், பேருந்து நிறுத்தத்திலிருந்து விடுதி வரை தாமே நடந்து பார்த்தல் வேண்டும். விடுதிக் காப்பாளரைக் கண்டு பேசுதல் வேண்டும். உட்குழுவில் இருப்போர் யாவர், ராகிங் புகார் வந்தால் என்ன செய்வர் என்று கூசாமல் கேட்டல் வேண்டும். விடை தருபவர் நெற்றியைச் சுளித்தால், அதுவும் ஒரு விடையே. இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவியரிடம் பேசினால், எந்த அறிக்கையும் தராத செய்திகள் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் செய்யலாகாது. தெருவில் வாழ்வோர் ஏழையர் என்பதனாலோ, வேறு மொழியினர், வேறு சமயத்தினர் என்பதனாலோ அவ்விடத்தைத் தீயதென முடிவு கட்டுதல் அறமும் அன்று, அறிவும் அன்று. கோட்டியின் பழைய புத்தகக் கடைகளும் சுல்தான் பஜாரின் நெரிசலும் முதன்முறை காண்பார்க்கு மருட்சி தரலாம். ஆனால் இரவு எட்டு மணிக்கும் விளக்கெரியும் கடைகளும், நாள்தோறும் முகம் பார்த்துப் பழகிய கடைக்காரரும் தரும் துணையை, ஆளரவமற்ற அகன்ற சாலை தந்துவிடாது.

அச்சத்திற்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் பெண்மக்களே. கிரிஜா போர்கர் என்ற பொருளியல் ஆய்வாளர் டில்லிப் பல்கலைக்கழக மாணவரைப் பற்றி ஆராய்ந்தார். சிறந்த கல்லூரியில் சேரத் தகுதி பெற்றிருந்தும், போகும் வழி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தரங்குறைந்த கல்லூரியை மாணவியர் தேர்ந்தெடுப்பதை அவர் எடுத்துக் காட்டினார். அதே நிலையிலுள்ள ஆடவர் அந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. நம் காலனிகளிலும் மகனுக்கு வாரங்கல்லும் பம்பாயும் திறந்திருக்க, அவனினும் கூடுதல் மதிப்பெண் பெற்ற மகளுக்கு இரண்டு பேருந்து நிறுத்தத்திற்குள் இருக்கும் கல்லூரியே போதும் என முடிவாகும் இல்லங்கள் இல்லையா? அங்கே நாம் காப்பது மகளையா, நம் மன அமைதியையா என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

இவ்விடத்தில்தான் சங்கம் போன்ற அமைப்பின் கடமை விளங்குகிறது. தமிழகத்திலிருந்து இந்நகருக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்குத் தார்நாக்காவிலோ மாரேட்பள்ளியிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக் கதவு எந்நேரமும் திறந்திருக்கும் என்ற செய்தி, அங்கே ஊரிலிருக்கும் தாய் தந்தையர்க்கு எத்தனை பெரிய ஆறுதல்! அவ்வாறே, நம் மகளிர் படிக்கச் செல்லும் ஊர்களிலும் நம்மவர் கதவுகள் திறக்கும். ஐஸ் ஹவுஸில் அன்று சுப்புலட்சுமி அம்மையார் தனியொருவராய்ச் செய்த பணியை, பல குடும்பங்கள் கூடிய நாம் பகிர்ந்து செய்வது அரிதன்று. மதிலை எழுப்புவோர் எழுப்பட்டும். பொறுப்பேற்று நிற்கும் ஆளாக நாம் இருப்போம்.