கொடைக்கானல் பாதரசமும் எலும்பு நலமும்

கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட இயந்திரங்களுடன் தொடங்கப்பட்டது. 1987இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்திடம் வந்தது. அங்கு கையாளப்பட்ட பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும். ஆவிக்கு நிறமோ மணமோ இல்லை. மூச்சுடன் உட்செல்லும் ஆவி இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்கும்; சிறுநீரகத்தில் சேரும்.

எலும்புக்கான கேடும் சிறுநீரகம் வழியாக வரக்கூடும். உணவாலும் வெயிலாலும் கிடைக்கும் வைட்டமின் டி, சிறுநீரகத்தில்தான் முழுமையாகச் செயல்படும் வடிவம் பெறுகிறது. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச அது தேவை. சிறுநீரகம் நெடுங்காலம் பழுதுபட்டால் கால்சியம் குறையும், அதை ஈடுகட்ட உடல் எலும்பிலிருந்து எடுக்கும், எலும்பு வலுவிழக்கும்.

2001 மார்ச்சில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊரிலுள்ள பழைய இரும்புக் கடையில் கிடந்ததைப் பொதுமக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளரின் நோய்களுக்கு ஆலையே காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. எனினும் 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு செய்துகொண்டது.

சிறுநீரகமும் எலும்பும் மெல்லவே நலிவடைவதால், ஆலை மூடிய பின்னரும் தொழிலாளருக்குத் தொடர் மருத்துவப் பரிசோதனை தேவை என்பதே கொடைக்கானல் தரும் பாடமாகும்.