இறங்கி நின்று போட்ட பெட்ரோல்



பெட்ரோல் பங்க்கில் பைக்கை விட்டு இறங்காமலே டேங்க் மூடியைத் திறந்து காட்டுகிறோம். பின்னால் மனைவி, முன்னால் டேங்க்கை ஒட்டிக் குழந்தை. இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று யோசித்ததுண்டா?

மோட்டார் வண்டிக்கு ஆரம்பத்தில் எரிபொருள் கொடுத்தது மருந்துக்கடை. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் இரண்டு மகன்களோடு சுமார் 100 கி.மீ. பயணம் போனார். வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், துணிக்கறை போக்க வைத்திருந்த லிக்ராயினை வாங்கி ஊற்றிக்கொண்டார். அதன்பின் பல ஆண்டுகள் டின்னும் புனலும்தான். ஊற்றும்போதெல்லாம் ஆவி பரவும். தீப்பிடிப்பது அந்த ஆவிதான். சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பற்றும் அளவுக்கு அது எழும். நிலத்தடித் தொட்டியும் பம்ப்பும் வந்ததற்கு வசதி மட்டும் காரணமல்ல.

நம் ஊருக்கு வருவோம். வெஸ்பா, லாம்ப்ரட்டா, சேட்டக் காலத்தில் சீட்டைத் தூக்கினால்தான் டேங்க் மூடி. எல்லோரும் இறங்கியே ஆகவேண்டும். டூ-ஸ்ட்ரோக் வண்டியாதலால் ஆயிலும் அளந்து ஊற்றுவார்கள். கலக்கட்டும் என்று வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டுவோம். வீட்டம்மா குழந்தையோடு தள்ளி நிற்பார்.

புல்லட், ஜாவா அன்றும் உண்டு. ஆனால் குடும்ப வண்டி ஸ்கூட்டர்தான். 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. 90களின் பிற்பகுதியில் விற்பனையில் பைக் ஸ்கூட்டரை முந்தியது. டேங்க் மடிக்கு நேரே வந்துவிட்டதால் இறங்கவேண்டிய கட்டாயம் போயிற்று. உட்கார்ந்தபடியே போடும் வழக்கம் அப்போதுதான் வேரூன்றியது என்பது என் கணிப்பு.

பைக்கில் டேங்க்குக்கு நேர் கீழே சூடான இன்ஜின். நாசில் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் அதை மூடியதும் டக்கென்று தானே நின்றுவிடும். ஆனால் பைக்குக்கு நாசிலை வாயோரம் பிடித்தே ஊற்றுகிறார்கள். துளைக்கு வேலையில்லை. வழிந்தால் தொடை நனையும். அந்த நேரத்தில் தீப்பொறி விழுந்தால், உட்கார்ந்திருப்பவர் வண்டியைத் தாங்குவாரா, குழந்தையைத் தூக்குவாரா? இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, மூவரும் இறங்க அரை நிமிடம் ஆகுமா? பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.

“ஃபுல்” என்றாலும் கழுத்துவரை வேண்டாம். 10 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் சுமார் 100 மி.லி. விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த பெட்ரோல் சித்திரை வெயிலில் நின்றால் அந்தக் கூடுதல் எங்கே போகும்? மூடி வழியே கசியும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். கழுத்துவரை நிரப்பிய வண்டியை நாம் கொண்டுவந்து நிறுத்துவது பேஸ்மென்ட்டில். நம் மீட்டர் பெட்டிகள் இருப்பதும் அங்கேதான்.