மூக்கின் சாட்சியம்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் படுத்து எழுந்தோம். காய்ச்சல் விட்ட பிறகும் எனக்கு வாசனை திரும்பவில்லை. ஒரு காலையில் மகள் முந்தின நாள் சாம்பாரை என் முகத்தருகே நீட்டி, "அம்மா, இது நல்லா இருக்கா பாரு" என்றாள். முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்பாவிடம் நீட்டினாள். அவருக்கு வாசனை போகவே இல்லை. ஆனாலும், "எனக்கென்ன தெரியும், அம்மாவையே கேளு" என்றார். நல்ல மூக்கு அவரிடம் இருந்தது. அதைக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் பழக்கம்தான் இல்லை. அந்த வீட்டின் உணவுப் பரிசோதனைக் கருவியாக இத்தனை வருடம் நான் இருந்திருக்கிறேன் என்பது கருவி பழுதான அன்றுதான் எனக்கே தெரிந்தது.

உணவு கெட்டதைத் தானே காட்டும் உணரிகளைப் பற்றி அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். பொதியின் மேல் ஒட்டிய சிறு புள்ளி நிறம் மாறும். மீன் பொதிக்குள் வைத்த மெல்லிய படலம் சிவக்கும். புதிய கண்டுபிடிப்பு என்கிறார்கள். ஆனால் கெட்டதை அறிவதற்கு நீண்ட வரலாறு உண்டு. அது பெரும்பாலும் பெண்களின் வரலாறு. யாரும் எழுதி வைக்காததால் அதன் சான்றுகளைப் பேச்சுமொழியில்தான் தேட வேண்டியிருக்கிறது.

சோறு ஊசிப்போகும். பால் திரிந்துபோகும். தேங்காய் காறலடிக்கும். எண்ணெயில் சிக்கு வாடை வரும். ஊறுகாயில் பூசணம் பூக்கும். வடை நூல் விடும். எல்லாமே 'கெட்டுப்போனது'தான், ஆனால் எப்படிக் கெட்டது என்பதற்குத் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் ஒரு சோதனை முறை. ஊசலை மூக்கு சொல்லும். நூலை விரல் சொல்லும். பூசணத்தைக் கண் சொல்லும். காறலைத் தொண்டை சொல்லும். மிஞ்சிய சோற்றில் இரவே தண்ணீர் ஊற்றினால் காலையில் அது பழையது, மறந்தால் ஊசல். நொதிப்புக்கும் அழுகலுக்கும் நடுவில் உள்ள கோட்டை இப்படிப் பிரித்து அறிந்தவர்களை நாம் 'சமையல் தெரிந்தவள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம்.

அதற்காக மூக்கைத் தெய்வமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. சமைத்து வெளியே விட்ட சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அதில் ஒரு வகை உண்டாக்கும் வாந்தி நஞ்சு, வாடை எதுவும் வராத சோற்றிலும் இருக்கக்கூடும். திரும்பச் சுட வைத்தாலும் அழியாது. என் பாட்டி ஊசத் தொடங்கிய சோற்றை இரண்டு முறை அலசி, மோரை ஊற்றித் தான் சாப்பிடுவாள். மற்றவர்களுக்குப் புதிதாக வடிப்பாள். "வீணாக்கக் கூடாதுடி" என்பாள். கெட்டதைக் கண்டுபிடித்தவளே அதைத் தின்றும் தீர்த்தாள். ஆகவே உணரி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மூக்கின் இடத்துக்கு முதலில் வந்தது தேதி. 2006இல் வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் கீழ், 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள் காலாவதித் தேதியைக் கட்டாயமாக்கின. 'கெடு' என்றால் தமிழில் தவணை என்றும் பொருள். கெடுவதற்கே கெடு வைத்தாயிற்று. ஆனால் அச்சடித்த தேதிக்குப் பொதி அதன்பின் பட்ட பாடு தெரியாது. வெயிலில் நின்ற வண்டி, இரவு முழுக்க நீண்ட மின்வெட்டு, கடைக்காரர் அணைத்து வைத்த ஃபிரிட்ஜ் எதையும் அது கணக்கில் எடுக்காது. இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் நேரத்தையும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிடும் நிறமாற்ற முத்திரை. பட்ட வெப்பத்துக்கு ஏற்ப அதிலுள்ள வேதிப்பொருள் கருத்துக்கொண்டே வரும். ஒருமுறை கருத்தால் மறுபடி வெளுக்காது.

உணவுக்காக யோசித்த இந்த நுட்பம் நம் ஊர்ப் பெண்களின் கைக்கு மருந்தின் வழியாக வந்தது. 1996 முதல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் இந்த முத்திரை ஒட்டப்பட்டது. ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கருத்தாலோ கொடுக்கக் கூடாது. 1995இல் இந்தியா முழுவதும் தொடங்கிய சொட்டு மருந்து முகாம்களில், பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் பனிக்கட்டிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கிராம சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும். மகளைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். குப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அந்த அக்கா சொட்டு விட்டார். என்ன பார்த்தார் என்று அன்று எனக்குத் தெரியாது. 2014 மார்ச் 27 அன்று இந்தியா இருக்கும் தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது.

அந்தச் சதுரம் மருந்தோடு சேர்த்து இன்னொன்றையும் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். "இது கெட்டுப்போயிருக்கும் சார்" என்று அந்த அக்கா சொன்னால் அது சந்தேகம். கருத்த சதுரத்தைக் காட்டினால் அது சான்று. படிநிலையின் கடைசியில் நிற்கும் பெண்ணின் சொல்லை, மேலே இருப்பவர் மறுக்க முடியாதபடி ஆக்கியது ஒரு சிறு முத்திரை.

இன்று ஆய்வகங்களில் மஞ்சளின் குர்குமினை வைத்தும் சங்குப்பூவின் நீலத்தை வைத்தும் உணவுப் படலங்கள் செய்கிறார்கள். மீன் கெடும்போது காரத்தன்மையுள்ள அமீன்கள் வெளியாகும். அவை பட்டால் மஞ்சள் நிறப் படலம் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்து ஆலம் சுற்றிய எந்தப் பெண்ணுக்கும் இந்த நிறமாற்றம் தெரியும். அதை அறிவு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

இங்கேதான் தாம்பரத்திலிருந்து அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூருக்குப் போக வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் படிப்பு முடித்ததும் அந்தப் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். 2021 டிசம்பர் நடுவில், அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சானது. 250க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். டிசம்பர் 17 இரவு, தோழிகள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவ, பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பலரைக் காவல்துறை பிடித்துச் சென்றது. விடுதிச் சமையலறையை ஆய்வு செய்த உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எலிகளையும் மோசமான வடிகாலையும் கண்டு அதை மூடினார்கள். சுமார் 17,000 பேர் வேலை செய்த ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்று மீண்டும் திறந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஒளியையும் அசைவையும் உணரும் கருவிகளைக் கையால் பூட்டிய பெண்கள் அவர்கள். அவர்களுடைய தட்டில் ஒரு உணரியும் இல்லை. ஆனால் அங்கே குறையாக இருந்தது உணரியா? நூற்றுக்கணக்கான மூக்குகளும் கண்களும் ஒவ்வொரு வேளையும் அந்தத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தன. "இதைச் சாப்பிட முடியாது" என்று அவர்கள் சொன்னால் சமையல் நின்றிருக்க வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் உட்கார வேண்டியிருந்தது.

ஒரு பெண்ணைக் 'கெட்டுப்போனவள்' என்று சொல்ல இந்த ஊரில் எவருக்கும் சான்று தேவைப்படுவதில்லை. ஒரு பார்வை போதும், ஒரு வதந்தி போதும். அதே பெண் தன் தட்டைக் காட்டிச் சோறு கெட்டுப்போயிருக்கிறது என்றால் சான்று கேட்கிறோம். ஒரே வினைச்சொல்தான். யார் சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதில் அதன் எடை மாறிவிடுகிறது.

நிறம் மாறும் முத்திரைகள் நம் கடைகளுக்கும் விலை குறைந்து வரட்டும். முதலில் சத்துணவுக் கூடங்களுக்கும் விடுதிச் சமையலறைகளுக்கும் வரட்டும். ஆனால் முத்திரை சிவந்த பிறகு அந்தப் பாத்திரத்தைக் கொட்டச் சொல்லும் அதிகாரம் சாப்பிடுகிறவளுக்கு இருக்க வேண்டும். கொட்டியதற்குப் பதிலாக வேறு சோறும் வர வேண்டும். இல்லாவிட்டால் சிவந்ததைப் பார்த்துக்கொண்டே தின்பாள், என் பாட்டியைப் போல.

எனக்கு வாசனை திரும்ப நான்கு மாதம் ஆனது. முதலில் வந்தது காபி வாசனை. இப்போது எங்கள் வீட்டில் முந்தின நாள் பாத்திரத்தை மூன்று பேரும் முகர்ந்து பார்க்கிறோம். மகளின் அப்பா ஆரம்பத்தில் ஊசலையும் புளிப்பையும் குழப்பிக்கொண்டார். கற்றுக்கொண்டுவிட்டார், அது ஒன்றும் பிறவி ஞானம் இல்லை.