கட்டுவதும் செலுத்துவதும்

சில ஆண்டுகளுக்கு முன், இராமநாதபுரத்தில் ஒரு வங்கியில் நின்றுகொண்டிருந்தேன். பாம்பன் பக்கத்துக் கிழவர் ஒருவர் சீட்டொன்றை நீட்டி, "படகுக் கடனுக்குப் பணம் கட்டணும், எழுதிக் குடுங்க தம்பி" என்றார். சீட்டிலோ 'செலுத்துபவர்' என்று அச்சிட்டிருந்தது. பணம் ஒன்றுதான்; சொல் ஏன் இரண்டு?

'செல்' என்றால் போ. 'செலுத்து' என்றால் போகச் செய். படகையும் செலுத்துகிறோம், பணத்தையும் செலுத்துகிறோம். 'செலவு' என்ற சொல்லுக்கே பழந்தமிழில் பயணம் என்று பொருள். 'கட்டு' இதற்கு நேர் எதிர், போகவிடாமல் பிணிப்பது. வரி கட்டுகிறோம், வட்டி கட்டுகிறோம். ஆனால் கோயிலுக்குக் காணிக்கை 'கட்டுகிறவர்' உண்டா? அதைச் செலுத்தத்தான் செய்கிறோம்.

இந்த வேற்றுமையைச் சேதுக்கரையின் சரித்திரம் நன்றாக அறியும். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும் வரை, ராமேசுவர யாத்திரிகர்கள் படகேறித்தான் கடலைக் கடந்தார்கள். அந்த வழிக்குக் காவலர் என்பதால் மறவர் குல மன்னர்கள் சேதுபதிகள் எனப்பட்டனர். 'சேது' என்ற வடசொல்லின் வேருக்கும் கட்டுதல் என்றே பொருள் சொல்வார்கள். கட்டுக்கு அதிபதிகள்!

அவர்களும் ஒரு காலத்தில் கப்பம் செலுத்தியவர்கள்தாம். ஆனால் கப்பம் செலுத்தினாலும் அரசன் அரசனே. கும்பெனியார் 1795-இல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையிட்டனர். 1809-இல் சிறையிலேயே அவர் மாண்டார். இடையில் 1803-இல் அவருடைய தமக்கை மங்களேசுவரி நாச்சியாருக்கு ஜமீன் சனது கிடைத்தது. நாடு ஜமீனாயிற்று. கப்பம் நின்றால் படை வரும். கிஸ்தி நின்றால் ஜப்தி அல்லவா வரும்! சேதுபதி, கட்ட வேண்டியவரானார்.

1889-இல் ஜமீன் பொறுப்பேற்ற பாஸ்கர சேதுபதி, கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்கினார். 1897-இல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தரைப் பாம்பனில் எதிர்கொண்டு அழைத்தவர் அவரே. கடன் சூழ்ந்தது, 1903-இல், முப்பத்தைந்து வயதில் மறைந்தார். செலுத்தத் தெரிந்த மனிதர், கட்டத்தான் முடியவில்லை.

கிழவர் ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "கட்டியாச்சு தம்பி. இனி நிம்மதியாக் கடலுக்குப் போகலாம்" என்றார்.

ஒரு ஜமீனுக்கு வாய்க்காத நிம்மதி அது.