கையெழுத்துப் போட்டவர்கள்

துரோகி என்ற சொல்லைப்போல எளிதாக வாயில் வரும் சொல் வேறொன்று இல்லை. கதை எழுதுகிற எனக்கு அதனால் ஒரு சௌகரியம் உண்டு. ஒருவனைத் துரோகியாக்கிவிட்டால் மற்றவர்களெல்லாம் நல்லவர்களாகிவிடுவார்கள். சரித்திரத்தில் இந்தச் சௌகரியம் எளிதில் கிட்டுவதில்லை. அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் கதையே இதற்குச் சாட்சி.

ஜார்ஜியாவிலும் அதை அடுத்த மலைப்பகுதிகளிலும் வாழ்ந்தவர்கள் அவர்கள். சீக்வோயா என்பவர் அவர்கள் மொழிக்கு எழுத்து வடிவம் தந்தார். 1828-இல் சொந்தமாகப் பத்திரிகையே தொடங்கினார்கள். எலியாஸ் பூடினாட் என்ற படித்த இளைஞர் அதன் ஆசிரியர். ஆனால் அவர்கள் மண்ணில் தங்கம் கிடைத்துவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? பழங்குடிகளை மிஸிஸிபி நதிக்கு மேற்கே அனுப்ப 1830-இல் ஜனாதிபதி ஜாக்ஸன் சட்டம் கொண்டுவந்தார். செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று 1832-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டோடு நின்றது. ஜார்ஜியாவோ அவர்கள் நிலத்தைக் கூறுபோட்டு, சீட்டுக் குலுக்கி வெள்ளையருக்குக் கொடுத்தது.

இந்த நிலையில்தான் மேஜர் ரிட்ஜ் என்ற முதிய தலைவர், அவர் மகன் ஜான் ரிட்ஜ், உறவினர் பூடினாட் மூவரும் மனம் மாறினார்கள். நிலம் எப்படியும் போகப்போகிறது, ஜனங்களையாவது காப்பாற்றுவோம் என்று எண்ணினார்கள். 1835 டிசம்பர் 29-ஆம் தேதி நியூ எக்கோட்டாவில் ஐம்பது லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் ஆயிற்று. ஒப்பமிட்டவர்கள் சுமார் இருபது பேர். ஜான் ரிட்ஜ் பின்னர் வாஷிங்டனில் ஒப்பமிட்டார். இது எங்கள் சம்மதமல்ல என்று, முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் தரப்பில் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களுடன் மனுப் போயிற்று. ஆயினும் 1836-இல் செனட் சபை, வேண்டிய மூன்றில் இரண்டு பங்கை ஒரே ஓட்டில் எட்டிப்பிடித்து, ஒப்பந்தத்தை ஏற்றது.

அவர்கள் நிலைமை அறியாதவர்கள் அல்லர். லஞ்சம் வாங்கி நிலத்தை விட்டுக்கொடுத்த டபுள்ஹெட் என்ற தலைவனை 1807-இல் கொன்றவர்களில் மேஜர் ரிட்ஜும் ஒருவர். அனுமதியின்றி நிலத்தை விற்பவனுக்கு மரணம் என்று 1829-இல் சட்டம் வந்தபோது அதை ஆதரித்தவரும் அவரே. அந்தச் சட்டம் தம் கழுத்துக்கும் வரும் என்று தெரிந்தே அவர் ஒப்பமிட்டார். இப்படிப்பட்டவரை வெறும் பணத்தாசைக்காரர் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

அப்படியானால் அவர்கள் செய்தது சரியா? சரியல்ல என்பதே என் எண்ணம். அவர்கள் கணிப்புத் தவறவில்லை. நிலம் போகத்தான் போயிற்று. ஆனால் சரியாகக் கணித்தவனுக்கு மற்றவர்களுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை வந்துவிடுமா? விஷயம் புரிந்தால் ஜனங்களும் நம் பக்கமே வருவார்கள் என்று பூடினாட் வாதாடினார். புரியவைக்கும்வரை காத்திருப்பதல்லவா தலைமை? பொதுச் சொத்தை ஒரு பங்காளி மட்டும் கிரயம் எழுதிக் கொடுத்தால் மற்றவர்கள் பங்கு போய்விடாது.

இது வாங்குகிறவனுக்கும் தெரியும். அங்கேதான் பெரிய குற்றம் இருக்கிறது. செல்லாத பத்திரம் என்று அறிந்தே அதை வாங்கி, 1838-இல் ஏழாயிரம் போர்வீரர்களை அனுப்பி, சுமார் பதினாறாயிரம் பேரை வீட்டைவிட்டுத் துரத்தியது ஒரு பெரிய அரசாங்கம். முகாம்களிலும் வழியிலும் சுமார் நாலாயிரம் பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். ராஸின் மனைவியும் வழியிலேயே இறந்தாள்.

1839 ஜூன் 22-ஆம் தேதி, ஒரே நாளில், அந்த மூவரையும் சொந்த ஜனங்களே கொன்றார்கள். அவர்கள் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மூன்று உயிரோடு கணக்குத் தீர்ந்துவிட்டதாக நாம் நினைத்தால், அது கணக்கல்ல. கையெழுத்துப் போட்டவர்கள் தங்கள் பிழைக்கு உயிரைக் கொடுத்தார்கள். அந்தக் கையெழுத்தை விரும்பி வாங்கிய ஜாக்ஸனின் படத்தையோ 1928-இல் இருபது டாலர் நோட்டில் அச்சிட்டார்கள்.