சி.டி.எச். சாலையில் தோற்றது, பெங்களூரு சாலையில் வென்றது

லினக்ஸ் விண்டோஸை வீழ்த்துமா என்ற கேள்விக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் நிரலை வெளியிட்ட நாளிலிருந்து கணினிக்காரர்கள் சளைக்காமல் இதைப் பேசிவருகிறார்கள். எது வேகம், எதில் வைரஸ் வராது, எது காசில்லாமல் கிடைக்கும் என்றே பேச்சு பெரும்பாலும் போகிறது. உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து மனிதர்கள் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற நம்பிக்கை இந்த வாதங்களுக்கெல்லாம் அடியில் இருக்கிறது. அப்படித் தேர்ந்தெடுப்பவர்கள் மிகச் சிலரே. பெட்டியைப் பிரிக்கும்போது உள்ளே எது இருக்கிறதோ அதுதான் பெரும்பாலோருக்கு இயங்குதளம். ஆகவே இந்தப் போட்டியின் வரலாற்றைத் தேட வேண்டிய இடம் பெட்டி கைக்கு வருவதற்கு முந்தைய கட்டம்: தொழிற்சாலை, டெண்டர், ஆடிட்டர் அலுவலகம். சென்னையின் மேற்கே அந்த வரலாறு இரண்டு சாலைகளில் கிடக்கிறது. ஒன்று பாடி, அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் போகும் சி.டி.எச். சாலை. மற்றொன்று பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகும் பெங்களூரு நெடுஞ்சாலை.

அம்பத்தூரிலிருந்து தொடங்கலாம். 1964இல் அரசு உருவாக்கிய தொழிற்பேட்டை அது. இன்று சிட்கோ வசம் இருக்கிறது. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகளே அதன் உயிர். இத்தகைய பட்டறைக்குள் கணினி இரண்டு வேலைகளுக்காக வந்தது: ஒன்று வரைபடம், மற்றொன்று கணக்கு. இரண்டிலும் முடிவு பட்டறைக்காரர் கையில் இல்லை. ஆர்டர் தரும் கம்பெனி வரைபடத்தை ஆட்டோகேட் கோப்பாக அனுப்பினால் அதைத் திறந்துதான் ஆக வேண்டும். ஒரு காலத்தில் யுனிக்ஸ் கணினிகளிலும் ஓடிய ஆட்டோகேட், 1997இல் வந்த 14ஆம் பதிப்போடு விண்டோஸுக்கு மட்டும் என்றானது. கணக்குப் பக்கம் பெங்களூருவில் பிறந்த டாலி. ஆடிட்டர் டாலியில் கேட்பார், கணக்கெழுதும் பையன் டாலி படித்துவிட்டு வந்திருப்பான், 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தப் பிடி மேலும் இறுகியது. டாலியும் ஓடியது விண்டோஸில்தான். இந்த இரண்டும் மேசையில் இருக்கும்வரை லினக்ஸின் சிறப்பைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பட்டறைக்காரருக்கு அது பொருட்டில்லை.

‘விலைதான் லினக்ஸின் பலமாயிற்றே, இலவசமாகக் கிடைப்பதை ஏன் விட்டார்கள்’ என்று கேட்கலாம். விண்டோஸும் இங்கே பலருக்கு இலவசமாகத்தான் கிடைத்தது என்பதே பதில். கணினியைக் கூட்டித்தரும் கடைக்காரர் ஒரே சி.டி.யை நூறு கணினிகளில் போட்டுக்கொடுத்த காலம் அது. திருட்டு நகல் மைக்ரோசாஃப்டுக்கு வருமான இழப்பு. அதே நகல் அதற்கு ஒரு தலைமுறைப் பழக்கத்தையும் சம்பாதித்துக்கொடுத்தது. லினக்ஸின் ஒரே வணிக அனுகூலத்தை அது பறித்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடைசல் இயந்திரத்தையே ஓட்டக்கூடிய லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டற்ற மென்பொருள், அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனத்தில் 1990களிலேயே முளைத்தது. இரும்பைச் சீவும் வேலைக்குத் தகுதியான லினக்ஸ், அந்த இரும்புக்கு பில் போடும் வேலைக்கு ஆகவில்லை.

பட்டறை போகட்டும், அரசு நினைத்தால் மாற்றியிருக்கலாமே? அரசு நினைக்கவும் செய்தது. 2006இல் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநரான சி. உமாசங்கர் அந்த நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆஃபிஸுக்கும் மாற்றினார்; அரசு வாங்கிய கணினிகளிலும் பள்ளிகளுக்குப் போன கணினிகளிலும் லினக்ஸ் நுழைந்தது. 2007 ஜனவரியில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. ஆனால் அரசு அலுவலகத்தில் டாலியின் இடத்தில் எழுத்துரு உட்கார்ந்திருந்தது. வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். ஒருங்குறியை அரசு ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி. அதற்குள் எத்தனையோ ஆண்டுக் கோப்புகள் பழைய எழுத்துருக்களில் சேர்ந்துவிட்டிருந்தன.

இந்தப் பின்னணியில்தான் காக்களூரைப் பார்க்க வேண்டும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் மாணவர் கைகளுக்குப் போயின. டெண்டரில் லினக்ஸ் இருக்குமா இருக்காதா என்று அந்த ஆண்டே சர்ச்சை கிளம்பியது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் போராடினார்கள். கடைசியில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் ஒரே கணினியில் ஏறின. கட்டற்ற இயங்குதளம் ஒன்றுக்கு இத்தனை பெரிய வாசல் இந்தியாவில் அரிதாகவே திறந்திருக்கிறது.

அந்த வாசலில் என்ன நடந்தது? இரட்டை இயங்குதளம் உள்ள கணினியை முடுக்கினால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும். அம்புக்குறியை மேலும் கீழும் நகர்த்தி ஒன்றில் நின்று என்டர் தட்ட வேண்டும். பிளஸ் டூ மாணவி எதில் நிற்பாள்? பக்கத்து வீட்டு அண்ணன் காட்டித்தந்த பெயரில், பிரவுசிங் சென்டரில் பார்த்த பெயரில், நாளை வேலைக்குப் போகும் இடத்தில் இருக்கப்போகும் பெயரில். கணினி பழுதாகிக் கடைக்குப் போனால் ‘ஃபார்மட் பண்ணித் தர்றேன்’ என்பார்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் ஒரு பெயர்தான் மிச்சம். இரண்டையும் கொடுத்ததால் தேர்வுச் சுதந்திரம் கிடைத்தது என்பது காகிதத்தில் சரி. நடப்பில், ஏற்கெனவே வென்றவனோடு ஒரே திண்ணையில் உட்காரவைப்பது தோற்பவனுக்கு உதவி ஆகாது.

பாடத்திட்டத்தில் கட்டற்ற மென்பொருள் இல்லாததுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் நூல் பல ஆண்டுகள் ஓபன் ஆஃபிஸின் உடன்பிறப்பான ஸ்டார் ஆஃபிஸைத்தான் சொல்லிக்கொடுத்தது. பின்னால் வந்த நூலில் உபுண்டுவுக்கும் இடம் உண்டு. ஆனால் புத்தகத்தில் ஒரு பாடமாக இருப்பது வேறு, ஆய்வகம், ஆசிரியர் பயிற்சி, செய்முறைத் தேர்வு மூன்றும் அதிலேயே நடப்பது வேறு. கேரளம் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் பின்னதைச் செய்தது. எஸ்.எஸ்.எல்.சி. தகவல் தொழில்நுட்பத் தேர்வையே லினக்ஸில் எழுதவைத்தார்கள். அங்கே அது நிலைத்தது. இரு மாநிலங்களிலும் மென்பொருள் ஏறத்தாழ ஒரே குடும்பம்தான், டெபியனின் வாரிசுகள். சுற்றியிருந்த ஏற்பாடுதான் வேறு. மடிக்கணினிக்குப் பணம் போட்ட தமிழ்நாடு இந்த ஏற்பாட்டுக்கு மெனக்கெடவில்லை என்பது என் கணிப்பு. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று அறிவுறுத்தல் வந்தது. பழைய எழுத்துருவும் பழைய கோப்பும் அப்படியே இருக்க, அறிவுறுத்தல் மட்டும் எத்தனை தூரம் போகும்?

இப்போது மற்ற சாலைக்கு வருவோம். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. லினக்ஸும் நோக்கியாவும் ஒரே ஃபின்லாந்திலிருந்து வந்தவை என்பது தற்செயல். ஆனால் பிந்தையதன் கதை முந்தையதால் திசைமாறியது தற்செயல் இல்லை. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்த ஆலை அது; பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்கள் பூட்டி அனுப்பிய கைபேசிகளில் நோக்கியாவின் சொந்த மென்பொருள்தான் ஓடியது. உலகத் திறன்பேசிச் சந்தையில் அன்று அசைக்க முடியாத வணிக இயங்குதளம் என்றால் நோக்கியாவின் சிம்பியன்தான். 2008இல் லினக்ஸ் கருவின் மேல் கட்டிய ஆண்ட்ராய்டோடு முதல் கைபேசி வந்தது. சில ஆண்டுகளில் சிம்பியன் சரிந்தது. 2011 பிப்ரவரியில் நோக்கியா மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோனைத் தழுவியது. 2014 ஏப்ரலில் கைபேசிப் பிரிவையே மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. 2017க்குள் மைக்ரோசாஃப்டும் அந்தக் களத்தை விட்டு ஏறக்குறைய விலகிவிட்டது. மேசையில் யாரும் அசைக்க முடியாத நிறுவனம் கையில் தோற்றது, அதுவும் லினக்ஸிடம்.

ஆண்ட்ராய்டு வென்றது திறந்த மூலமாக இருந்ததால்தானே என்று அவசரப்பட வேண்டாம். தோற்பதற்கு முன், 2010 பிப்ரவரியில், சிம்பியனின் மூல நிரலும் திறந்துவிடப்பட்டது. அதனால் அது பிழைக்கவில்லை. திறந்திருப்பது மட்டும் போதாது. ஆண்ட்ராய்டு வாடிக்கையாளரிடம் போய் ‘என்னை நிறுவிக்கொள்’ என்று கேட்கவில்லை, சாம்சங்கிடமும் எச்.டி.சி.யிடமும் பிறகு சீனத் தயாரிப்பாளர்களிடமும் ‘உரிமக் கட்டணம் வேண்டாம், உன் ஆலையிலேயே ஏற்றிக்கொள்’ என்றது. அம்பத்தூர் பட்டறைக்காரருக்கு ஒரு பொருட்டாகாத இலவசம், லட்சக்கணக்கில் கைபேசி செய்கிறவருக்குப் பெரிய பணம். மேசைக் கணினியில் லினக்ஸ் ஒருபோதும் பெறாத அனுகூலம் இது: பெட்டிக்குள் முதலில் போய் உட்காரும் உரிமை.

ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் முடிவிலும் மென்பொருள் இருக்கிறது, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. கைபேசியில் ஏற்றும் மென்பொருளுக்காக இந்தியக் கிளை ஃபின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணம் ராயல்டி, அதற்கு வரி பிடித்திருக்க வேண்டும் என்றது வருமான வரித்துறை. 2013இல் கேட்ட தொகை சுமார் 2,000 கோடி ரூபாய். சொத்துகள் முடக்கப்பட்டதால் மைக்ரோசாஃப்டிடம் போன ஒப்பந்தத்தில் இந்த ஆலை சேரவில்லை. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. ஆலை மூடியதற்கு வரி வழக்கு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை; சாதாரணக் கைபேசிகளின் சந்தையும் அப்போது சுருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் இயங்குதளம் யாருடையது என்ற கேள்வி, பூந்தமல்லி வழியாக ஷிஃப்ட் பேருந்தில் போய்வந்தவர்களின் வேலையோடும் பிணைந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டை வெற்றிக் கணக்கில் சேர்ப்பதே தவறு, அது கூகுளின் வணிகச் சரக்கு என்ற மறுப்பு வலுவானது. அதன் அடிப்படை நிரல் திறந்தது. ஆனால் பிளே ஸ்டோரும் மற்றக் கூகுள் சேவைகளும் ஒப்பந்தத்தால் பூட்டப்பட்டவை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் இதே காரணத்துக்காகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. எனவே திறந்த மூலம் ஆதிக்கத்தை ஒழித்தது என்று சொல்ல முடியாது. ஆதிக்கம் கைமாறியது என்றே சொல்லலாம். இருந்தும் ஒரு வேறுபாடு மிச்சமிருக்கிறது. 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யில் அடைகாக்கப்பட்ட நிறுவனம் ஒன்று அதே ஆண்ட்ராய்டு அடிப்படை நிரலை எடுத்து பர்ஓஎஸ் என்று வெளியிட முடிந்தது. விண்டோஸை எடுத்து யாரும் அப்படிச் செய்ய முடியாது.

இந்த வேறுபாடு ஆவடிக்குப் புதிதல்ல. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை 1960களில் விஜயந்தா டாங்கியைக் கட்டியது, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பில், உரிமம் பெற்று. அதே ஊரின் போர் வாகன ஆராய்ச்சி மையம் வடிவமைத்த அர்ஜுன் டாங்கிக்கு 1974இல் ஒப்புதல் கிடைத்தது; படைக்குப் போய்ச்சேர முப்பது ஆண்டு ஆனது; எஞ்சின் அப்போதும் ஜெர்மானியச் சரக்கு. சொந்த வடிவமைப்பு என்பதே ஏமாற்று என்று அர்ஜுனைக் கேலி செய்தவர்கள் உண்டு, டெபியனின் மேல் கட்டிய பாஸைக் கேலி செய்பவர்களைப் போல. எஞ்சின் வெளியூராக இருந்தாலும், வரைபடம் கையில் இருந்தால் எதை எப்போது மாற்றுவது என்ற முடிவு நம்மிடம் இருக்கும். 2023இல் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டு அடிப்படையிலான மாயா இயங்குதளத்தை இணையத்தோடு இணைந்த தன் கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாகக் கொண்டுவர முடிவெடுத்தது இந்தக் கணக்கில்தான். அங்கே யாரும் மாணவியிடம் இரண்டு பெயர்களைக் காட்டித் தேர்வு செய்யச் சொல்லவில்லை.

ஆணையிட்டு மாற்றியதும் நிலைக்காது என்பதற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரைக் காட்டுவார்கள். 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்த நகராட்சி 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அந்த உதாரணத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் அது காட்டுவது அம்பத்தூர் காட்டுவதைத்தான்: சுற்றியிருக்கும் அலுவலகங்களும் கோப்புகளும் வேறு பக்கம் இருந்தால் ஒரு தீவு நெடுநாள் தாங்காது. சுற்றுப்புறம் மாறினால் தாங்கும், மாறவும் தொடங்கியிருக்கிறது. ஜி.எஸ்.டி. தாக்கல் இன்று உலாவியில் நடக்கிறது. கணக்கு மென்பொருளும் மெல்ல உலாவிக்குள் போகிறது. உலாவி எந்த இயங்குதளத்திலும் ஒன்றுதான். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இல்லாத கணினிகள் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் லினக்ஸ் தாராளமாக ஓடும். தடையாக மிஞ்சுவது டெண்டருக்கும் வரித்தாக்கலுக்கும் கையெழுத்திடும் யு.எஸ்.பி. டோக்கனும் ஆட்டோகேட் கோப்பும்தான். டோக்கனுக்கான மென்பொருள் லினக்ஸிலும் தொல்லையில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்று அரசு ஒரு விதி போட்டால், காக்களூரில் 50 லட்சம் பெட்டிகளால் முடியாதது அம்பத்தூரில் நடக்கக்கூடும். ஆட்டோகேட் கோப்புக்கு ஆர்டர் தருகிற கம்பெனிகள்தான் மனம் வைக்க வேண்டும்.