ஆவடிக் களிப்பாறையும் கடல்மட்ட வரலாறும்

ஆவடி என்னும் பெயர் 1955ஆம் ஆண்டுக் காங்கிரசு மாநாட்டால் நாடெங்கும் பரவியது. பின்னர் அங்கு அமைந்த கனரக ஊர்தித் தொழிற்சாலையால் நிலைபெற்றது. நிலநூலார்க்கோ ஆவடி என்பது ஊர் மட்டுமன்று. ஒரு பாறையின் பெயருமாகும். ஆவடி, பூந்தமல்லி, திருப்பெரும்பூதூர் வட்டாரங்களில் ஆற்று வண்டலின் கீழே கிடக்கும் களிப்பாறை அடுக்கினை அவர்கள் ஆவடிப் படிவு என்றும் திருப்பெரும்பூதூர்ப் படிவு என்றும் வழங்குவர். இப்பாறையைப் பற்றி எழுந்த ஒரு மயக்கம், தமிழகத்தின் மிகத் தொன்மையான வரலாற்றேட்டினை நூறாண்டுக்கு மேலாக மூடிவைத்திருந்தது. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இப்படிவு ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அண்டார்க்டிக்காவோடு ஒட்டிக்கிடந்த இந்திய நிலம் பிரிந்து விலகிய காலத்தில், கீழைக் கரையோரம் பள்ளங்கள் பல தோன்றின. பாலாற்றுப் பள்ளம் அவற்றுள் ஒன்று. அதனுள் கடல் புகுந்தது. சான்று பாறையினுள்ளேயே உளது. நிலத்துச் செடிகளின் இலைப் பதிவுகள் ஒருபால். இவற்றைப் பைசுட்டுமாண்டல் என்னும் அறிஞர் 1879இல் விரித்தெழுதினார். கடலிலன்றி வாழாத உயிரினங்களின் ஓடுகள் மற்றொருபால். இரண்டும் ஒரே படிவிற் கிடைத்தலின், கரையை ஒட்டிய ஆழமற்ற கடலே அங்கு நிலவியது என்பது போதரும்.

கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் படிவுகளிற் பதியும் முறை எளியது. ஆறு கடலைச் சேருங்கால் அதன் விரைவு குன்றுகின்றது. கனத்த கூழாங்கல் முதலில் வீழும்; மணல் சற்றுத் தொலைவு செல்லும்; நுண்களியோ அமைதியான நீரை அடைந்த பின்னரே மெல்லப் படியும். கடல் ஏறின் இவ்வரிசை முழுவதும் நிலத்தை நோக்கி நகரும். ஆதலின் மணல்மேற் களி படியும். கடல் இறங்கின் களிமேல் மணலும் கல்லும் வந்து குவியும். ஆறுகள் தம் பழைய வண்டலையே அகழ்ந்து, கரையோரக் கடலடித் திட்டின் விளிம்புவரை கொண்டுசேர்க்கும். ஆவடிக் களிப்பாறையின்மேல் சத்தியவேட்டுப் படிவு என்னும் மணற்பாறையும் உருள்கற் பாறையும் கிடத்தலைக் காண்பார், கடல் பின்வாங்கிய செய்தியை அதிற் படிக்கலாம்.

கடல் என்றவுடன் கடல்கோளை நினைத்தல் தமிழ் பயில்வார்க்கு இயல்பு. இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோளை இத்தகைய படிவுகளோடு இணைத்துப் பேசுவாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். ஆவடிக் கடல் மாந்தர் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முற்பட்டது. பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைய மட்டத்தினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது என்பதும், அதன்பின் ஏறியது என்பதும் உண்மையே. ஆயினும் அவ்வேற்றம் நூறாண்டிற்குச் சராசரியாக ஒரு மீட்டர் அளவினது. ஓர் ஊரை ஓரிரவில் விழுங்கும் வேகம் அதற்கில்லை. உரையாசிரியர் கூற்றுக்கு வேறு விளக்கம் தேடுதலே முறை.

இனி அம்மயக்கத்திற்கு வருவோம். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலநூலறிஞர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். கருவிகள் கிடந்த செம்புரைக்கல் அடுக்கு கடலடியிற் படிந்தது என்பது பூட்டின் தொடக்கக் கருத்து. அக்கருத்துப் பின்னாளில் வீழ்ந்தது. ஆனால் மற்றொன்று நின்றுவிட்டது. அத்திரம்பாக்கத்துச் செம்புரைக்கல் சரளையின் கீழ் அடுக்கடுக்கான களி உண்டு. தோற்றத்தில் அஃது ஆவடிக் களிப்பாறையை ஒத்தது. ஆதலின் அதுவே இதுவெனக் கொண்டனர். 12 கோடி ஆண்டுப் பழமையுடைய கடற்சேற்றில் மாந்தன் செய்த கருவி இருத்தல் இயலாது. அங்கு அகழ்வதாற் பயன் யாது? முன்னோர் கொண்ட முடிவைக் குறைகூறுதல் எளிது; கண்ணுக்கு ஒன்றெனத் தோன்றும் இரு களிகளைப் பிரித்தறியும் கருவிகள் அன்றில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அங்கு அகழ்ந்தனர். களியினுள்ளேயே கைக்கோடரிகள் வெளிப்பட்டன. அது கடற்சேறன்று, பழைய ஆற்று வெள்ளம் பரவிப் படிந்த களி. 2011இல் வெளியான காலக்கணிப்பு அக்கருவிகளின் தொன்மையை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் எனக் காட்டிற்று. கருவிகளின் மூலப்பொருள் குவார்ட்சைட்டு என்னும் வன்கல். அஃது அகழ்விடத்திற் கிடைப்பதன்று. அருகிலுள்ள அல்லிக்குழி மலையின் உருள்கற் பாறைகளே அதற்குப் பிறப்பிடம். ஆவடிக் கடல் பின்வாங்கிய காலத்தில் ஆறுகள் உருட்டிவந்து குவித்த கற்களையே, அம்மாந்தர் பொறுக்கித் தம் உறைவிடத்திற்குச் சுமந்து வந்தனர்.